பெயரை மறைத்த பிறகு

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலைமை டெக்னீஷியனாக இருந்தவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'தராசு' என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லாருக்கும் அவள் அக்காதான். ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் போடுவாள். தன் பெயரைத்தான் அதில் முதலில் எழுதுவாள். பெரிய டாக்டரின் மாமியார் ரத்தமே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று: டியூப் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்காதே, உள்ளே இருப்பதைப் பார். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை தட்டும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே.

அப்படிப்பட்டவளிடம் ஒருத்தி மட்டும் எப்போதும் எடை குறைந்தே நின்றாள். வேறொரு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வந்தவள் அவள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒருநாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை என்பதால் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. தாமதத்துக்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வீட்டில் படுத்த படுக்கையாக யாரும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை. காலையில் எழுந்திருக்க வராது, அவ்வளவுதான். கேட்டால் அதையே சிரித்துக்கொண்டு சொல்வாள். காதில் ஒயரை மாட்டிப் பாட்டுக் கேட்டபடி வேலை செய்வாள். வந்த புதிதில் ஒருமுறை சாயத்தை வடிகட்டாமல் ஊற்றிவிட்டாள். ஒரு தட்டு ஸ்லைடு முழுவதும் துகள் படிந்து வீணாகிப் போயிற்று. அன்று தொடங்கியது வேண்டாத பெண்டாட்டி கதை. கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். மற்றவர் கையில் டியூப் உடைந்தால் அது கை தவறியது. எக்ஸ்பிரஸ் கையில் உடைந்தால் கவனக்குறைவு. தான் இப்படி நடந்துகொள்வது அக்காவுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் வெட்கப்படுகிறவள் அவளாகத்தான் இருப்பாள்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனைத் தாய்க்குத் தாயாக இருந்து ஆளாக்கினாள். படிப்பு ஏறவில்லை, உடம்பு ஏறியது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை வேனில் ஏற்றி இறக்கும் தொழிலில் இறங்கினான். இரும்பு பீரோவைத் தனி ஆளாக முதுகில் சுமந்துகொண்டு, வழியில் நிற்பவர்களிடம் வம்பளந்தபடியே மாடி ஏறுகிறவன். கீழ்வீட்டில் அவனும் அவன் மனைவியும் இருந்தார்கள், மாடியில் அக்கா. அவன் இருமினால் மாடியில் விளக்கு எரியும் என்று தம்பி மனைவி கேலி செய்வாள்.

முதலில் கவனித்தவளும் அவள்தான். அவன் கைகளிலும் தொடையிலும் நீலத் திட்டுகள் இருப்பதைக் காட்டினாள். சாமான் தூக்குகிறவனுக்குக் கன்றிப்போகாமல் இருக்குமா என்றாள் அக்கா. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றச் சொன்னாள். காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது; படி ஏறினால் மூச்சு வாங்கியது. விஷக்காய்ச்சல் தெருத்தெருவாகப் பரவிக்கொண்டிருந்த சமயம் அது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று அக்காவே ஊசி குத்தி ரத்தம் எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

மெஷின், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைவு என்றது. வெள்ளை அணுக்களும் குறைவு என்றது. விஷக்காய்ச்சலிலும் இவை இரண்டும் குறையும். ஆனால் மெஷின் சந்தேகப்பட்டுவிட்டால் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் ஒருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். அன்று மைக்ராஸ்கோப் பார்க்கும் முறை எக்ஸ்பிரஸுக்கு.

சற்று நேரத்தில் அவள் ஸ்லைடோடு வந்து நின்றாள். காதில் ஒயர் இல்லை.

"அக்கா, இத ஒரு தடவை பாருங்களேன். ஒண்ணு ரெண்டு செல் சரியில்ல. உள்ள ஊசி ஊசியா ஏதோ தெரியுது."

அக்கா ஸ்லைடை வாங்கினாள். கண் முதலில் பெயரில்தான் விழுந்தது. பிறகே குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. சாயத்தை வடிகட்டாமல் ஊற்றினால் ஊசியும் தெரியும், கடப்பாரையும் தெரியும் என்றாள். இந்த முறை வடிகட்டித்தான் ஊற்றினேன் என்று எக்ஸ்பிரஸ் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நேரத்துக்கு வரத் துப்பில்லாதவர்கள் மற்றவர்களுக்கு வியாதி கண்டுபிடிக்க வந்துவிடுகிறார்கள் என்றாள். டியூபையே மாற்றி எடுத்திருப்பாய் என்றாள். கூடத்தில் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். அக்கா அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

சந்தேகமான ஸ்லைடு டாக்டரிடம் போவதென்றால் அது தலைமை டெக்னீஷியன் வழியாகத்தான் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பிவிட்டாள். விஷக்காய்ச்சலில் வரும் மாற்றங்கள் என்று அக்காவே எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டாள். வெறும் காய்ச்சல்தான், தண்ணீர் நிறையக் குடி, வேனைக் கொஞ்ச நாள் தொடாதே என்று தம்பியிடம் சொன்னாள். அவன் மனைவியின் முகம் மலர்ந்தது. அண்ணி பார்த்துச் சொல்லிவிட்டால் பிறகு யாரைக் கேட்பது? அந்த வீட்டில் ஒரு தலைவலிக்குக்கூட அவள் சொல்தான் சொல்.

அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றி அக்கா பிறகு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தம்பி வெளுத்துக்கொண்டே வந்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். சாப்பாடு சரியில்லை, தூக்கம் சரியில்லை, காய்ச்சல் விட்ட களைப்பு, வெயில். காரணம் தீர்ந்துபோகும்போது கோபம் வந்தது. தம்பி மனைவி ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டதற்கு, நான் இத்தனை வருஷம் அங்கே என்ன கிழித்துக்கொண்டிருக்கிறேன் என்று சீறினாள். கூடத்தில் பழைய ஸ்லைடுகளை அடுக்கி வைத்திருக்கும் அலமாரி அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே இருந்தது. எட்டி எடுத்து இன்னொரு முறை பார்த்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பக்கம் திரும்பாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஊசி என்று யாராவது சொன்னாலே எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவாள். ரத்தம் எடுக்கிற இடத்தில் நாள் முழுவதும் அந்த வார்த்தையைக் கேட்காமல் எங்கே போவது?

ஒரு நாள் மதியம் வேலைக்கு நடுவில் போன் வந்தது.

"அண்ணி, மூக்குல ரத்தம் வருது. நிக்கவே மாட்டேங்குது. துணியெல்லாம் நனைஞ்சு போச்சு."

ஆட்டோவில் கொண்டுவந்து அவசரப் பிரிவில் படுக்க வைத்தார்கள். மூக்கில் பஞ்சை அடைத்தும் தொண்டை வழியாக ரத்தம் இறங்கியது. இரும்பு பீரோ தூக்கிய கைகள் போர்வைமேல் துவண்டு கிடந்தன. அக்காவைப் பார்த்து அவன் சிரிக்க முயன்றபோது பல்லெல்லாம் ரத்தம். புதிதாக ரத்தம் எடுத்துக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அதன் பின்னாலேயே அவளும் ஓடினாள்.

ஸ்லைடு பார்த்து முடிவு சொல்ல வேண்டிய டாக்டர் மேல்மாடியில் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். புதிய ஸ்லைடை அக்காவே தேய்த்தாள், அவளே சாயம் ஏற்றினாள், அவளே மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பார்த்தாள். நகர்த்தினாள். மறுபடி பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதாகத்தான் நினைத்தாள். ஆனால் ஒரு மோசமான செல் கண்ணில் படும்போதெல்லாம் விரல் தானாகவே ஸ்லைடை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட்டது. மூன்றாம் முறை அப்படி நடந்தபோது அவள் தன் விரலையே பார்த்தாள். அது வேறு யாருடைய விரலோ போலிருந்தது. இத்தனை வருஷம் பெயரைப் பார்க்காதே என்று ஊருக்குச் சொன்னவளுக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. டாக்டர் இப்போதே வந்து கேட்டால் என்ன சொல்வாள்? சத்தியம் செய்து சொல்லும்படி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

எழுந்து எக்ஸ்பிரஸின் மேசைக்குப் போனாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. என் தம்பி ரத்தத்துல நீயே புதுசா ஒரு ஸ்லைடு போடு. இன்னிக்கு வந்த காய்ச்சல்காரங்க ஸ்லைடோட கலந்து, பேரெல்லாம் ஒட்டி மறைச்சுக் கொடு. எது எதுன்னு எனக்குத் தெரியக் கூடாது."

எக்ஸ்பிரஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டு வாங்கிய நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. "எதுக்கு அக்கா?" என்றாள்.

"என் கண்ணை என்னால நம்ப முடியல."

எக்ஸ்பிரஸ் பக்கத்து மேசைக்காரனிடம் காதோடு ஏதோ சொன்னாள். அவன் எழுந்து வெளியே போனான். அவள் ஸ்லைடுகளைத் தயார் செய்து, பெயர் இருந்த முனைகளில் பிளாஸ்திரி ஒட்டி, ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முதல் ஸ்லைடைப் பார்க்கும்போது மனம் இது அவனா, இது அவனா என்று அலைந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். பிறகு மெல்ல மெல்ல, எத்தனையோ வருஷப் பழக்கம் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல் அவள் வேலைக்குள் இறங்கினாள். இது காய்ச்சல். இது சாதாரணம். இதுவும் காய்ச்சல், குணமாகி வருகிறது. அடுத்ததை வைத்துக் கொஞ்சம் நகர்த்தியவள் நின்றாள். விரல் இந்த முறை எங்கும் ஓடவில்லை. துகள் துகளாக நிரம்பிய பெரிய செல். அதனுள்ளே கட்டுக் கட்டாகச் சேர்ந்து கிடந்த மெல்லிய ஊசிகள். பக்கத்தில் இன்னொன்று.

"இது யாரோடதா இருந்தாலும் சரி, டாக்டரை உடனே கூப்பிடு" என்றாள், தினமும் வேலையில் பேசும் அதே குரலில். "ரத்தப் புற்று. ரத்தம் கசியற வகை. காத்திருக்கக் கூடாது, மாத்திரையை இப்பவே ஆரம்பிக்கணும்."

பிளாஸ்திரியைப் பிரித்துக் காட்டச் சொன்னாள் அக்கா. வேண்டாம் அக்கா என்றாள் எக்ஸ்பிரஸ். அக்காவே நகத்தால் பிரித்தாள்.

அவள் அழுவாள் என்று கூடத்தில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் எழுந்து அலமாரியைத் திறந்து பழைய ஸ்லைடைத் தேடி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அன்று அவள் பார்த்த அதே ஓரத்தில் அந்த செல் இருந்தது. சாயம் சுத்தமாக இருந்தது. ஒரு துகள் கிடையாது.

"டாக்டருக்கு ஆள் அனுப்பு" என்றாள், நிமிராமல்.

"அப்பவே அனுப்பிட்டேன் அக்கா. நீங்க பார்க்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. இந்தத் தடவை உங்களைக் கேக்கல."

டாக்டர் தியேட்டர் உடையோடு இறங்கி வந்து பார்த்த கையோடு மாத்திரை தொடங்கியது; ரத்தமும் தட்டணுவும் ஏற்றினார்கள். இந்த வகையில் முதல் சில நாட்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், தாண்டுவதுதான் கஷ்டம் என்றார் டாக்டர். அக்காவுக்கு அது தெரியும். தாண்ட வேண்டிய நாட்களில் சிலவற்றை அவள் ஆரஞ்சுப் பழம் கொடுத்துக் கழித்துவிட்டாள் என்பதும் தெரியும்.

மறுநாள் காலை தம்பியின் பேச்சு குழறியது. இடது கையைத் தூக்கச் சொன்னால் வலது கை எழுந்தது. மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. அவனைத் தள்ளுவண்டியில் வைத்து ஸ்கேனுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அக்காவும் தம்பி மனைவியும் மூடிய கதவுக்கு வெளியே நின்றார்கள்.

அங்கே வைத்துத்தான் அக்கா சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், வீட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. முதல் ஸ்லைடிலேயே தெரிந்தது, கூட வேலை செய்கிறவள் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினாள், நான்தான் இல்லையென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்றாள். தம்பி மனைவி சுவரோரமாக நகர்ந்து போய், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு எத்தனையோ நாள் அவள் அண்ணி என்று கூப்பிடவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள், திருப்பிக் கொடுப்பாள். ஒரு பேச்சு கிடையாது.

தம்பி ஒருநாள் கண்ணைத் திறப்பான், ஒருநாள் திறக்க மாட்டான். அக்கா வார்டுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து தேய்ந்தாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள். குளிக்கும்போது குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுவாள். ஒருநாள் டாக்டரின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போய், அன்றைக்கே மாத்திரை தொடங்கியிருந்தால் மூளையில் கசிந்திருக்காதல்லவா என்று கேட்டாள். தெரியாது என்றார் டாக்டர். உத்தேசமாகச் சொல்லுங்கள் என்றாள். கசியாமல் இருந்திருக்கலாம், முதல் நாளே தொடங்கியும் கசிந்தவர்கள் இருக்கிறார்கள், உங்கள் தம்பி விஷயத்தில் எனக்குத் தெரியாது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருப்பாள். இல்லையென்று சொல்லியிருந்தால் மூச்சு விட்டிருப்பாள். அவர் இரண்டையும் தரவில்லை.

"நான் எதைச் சொன்னாலும் அது உங்களுக்காகச் சொன்னதா இருக்கும். உண்மையா இருக்காது" என்றார். அவளைவிட வயதில் சின்னவர். அவருக்கும் அன்று தூக்கமில்லாத கண்கள்.

வாரத் தொடக்கத்தில் கூடத்தில் எல்லாரும் நின்றபடியே பேசிக்கொள்கிற வழக்கம் உண்டு. அந்த வாரம் அக்கா நடந்ததைச் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். தன் தம்பியின் ஸ்லைடைத் தான் தொட்டிருக்கவே கூடாது என்றாள். இனி இந்தக் கூடத்தில் யாரும் தங்கள் வீட்டு மனிதர்களின் ரத்தத்தைப் பார்க்கக் கூடாது, சந்தேகம் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் பெயரை மறைத்துப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் போக யார் அனுமதியும் வேண்டாம் என்றாள். தராசுக்கே முள் வளைந்துவிட்டது என்று பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. முன்பானால் அவனுக்கு அந்த வாரமே ஞாயிறு டியூட்டி விழுந்திருக்குமோ என்று அவளுக்கு முதன்முறையாகச் சந்தேகம் வந்தது.

எல்லாரும் கலைந்தபின் எக்ஸ்பிரஸ் மட்டும் நின்றாள். "அன்னிக்கு நானே டாக்டர்கிட்டப் போயிருக்கணும் அக்கா. எனக்குப் பட்டுச்சு. பயந்துட்டேன்" என்றாள்.

"பயமுறுத்தினது நான்தானே."

"என்னை ஏன் நம்பல?"

மழுப்ப அக்காவுக்கு வலு இல்லை. "நீ லேட்டா வர்றவ. அதனால உனக்குக் கண்ணும் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

எக்ஸ்பிரஸ் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் அவள் தாமதமாகத்தான் வந்தாள். அக்கா அவளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் சொல்வதுபோலவே எச்சரித்தாள். கடினமான ஸ்லைடுகளையும் அவளிடமே கொடுத்தாள். கூடத்தில் சிலருக்கு இது புரியவில்லை. தம்பி உயிரைக் காப்பாற்றியவளை இன்னும் நேரம் பார்த்துத் திட்டுகிறாளே என்றார்கள். எக்ஸ்பிரஸுக்குப் புரிந்தது. திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

தம்பி பிழைத்தான். ஆனால் இடது கை முழுதாகத் திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், பிடிக்காது. வேனை விற்றார்கள். வீட்டுக்கு வந்த புதிதில் அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவில் போகிற சாமான் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். கட்டுகிற முறை சரியில்லை, திருப்பத்தில் மேசை சரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அவன் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி சொல்லித் தெரிந்திருந்தும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று அக்கா ஏங்கினாள்.

கேட்டது தம்பி மனைவிதான். ஒரு மாலை அக்கா வேலையிலிருந்து வந்து மாடிப்படியில் கால் வைத்தபோது அவள் கீழ்வீட்டுக் கதவருகே நின்றிருந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இவர் கை நல்லா இருந்திருக்குமா?"

ஆறுதலாகச் சொல்ல எத்தனையோ இருந்தன. அக்காவுக்கு அவை எல்லாம் வாய்வரை வந்தன. "தெரியாது" என்றாள். "நல்லா இருந்திருக்கலாம். டாக்டருக்கும் தெரியல. சில நாளை நான் வீணாக்கினேன், அது மட்டும் நிச்சயம்."

தம்பி மனைவி கத்துவாள் என்று அக்கா படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தாள். தம்பி கட்டிலிலிருந்து எழுந்திருக்க முயன்று, கை ஊன்ற வராமல், ஒருக்களித்துத் தடுமாறிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள் அவள். அண்ணி என்று சொல்லவில்லை. அக்கா பையைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பிடித்தாள்.